ஊழிக் கதைகளும் ஏட்டுக் கணக்கும்

1868-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், லண்டன் பார்லிமெண்டில் அயர்லாந்து நாட்டு நிலைமை பற்றி ஒரு விவாதம் நடைபெற்றது. அதில் பேச எழுந்த ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் பேரறிஞர், அரசாங்கத்தின் போக்கைக் கண்டிக்க விந்தையானதொரு சொல்லைக் கையாண்டார். நடைமுறைக்கு வாராத அளவுக்கு நல்லதாக உள்ள ஏற்பாட்டை 'உடோப்பியா' என்பது வழக்கம். 1516-ஆம் ஆண்டில் தாமஸ் மோர் எழுதிய நூலின் பெயர் அது. அரசாங்கத்தார் விரும்பும் ஏற்பாடோ நடைமுறைக்கு வாராத அளவுக்குத் தீயது. ஆதலின் அவர்களை 'டிஸ்டோப்பியர்' என்று அழைப்பதே பொருந்தும் என்றார் மில். அச்சொல் இன்று ஓர் இலக்கிய வகைக்குப் பெயராகி உலகெங்கும் வழங்குகின்றது.

மில்லைப் பற்றி நம்மனோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர் தமது பதினேழாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். 1823 முதல் 1858 வரை 35 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றிப் படிப்படியாக உயர்ந்தவர். இந்தியாவுக்கு அனுப்பப்படும் ஆணைக் கடிதங்களுக்கு வரைவு எழுதுவது அவர் தொழில். இதனைப் படித்தபோது நமக்கு வியப்புண்டாயிற்று. பின்னர் இவ்வகை நூல்களையும் திரைப்படங்களையும் படக்கதைகளையும் வரிசையாக நோக்கியபோது, வியப்புக்கு இடமில்லை என்பது தெளிவாயிற்று. எழுத்தரும் அவர்தம் ஏடுமே இக்கதைகளின் நடுவிடத்தில் நிற்கின்றனர்.

இவ்வகைக் கதைகளை இரண்டாகப் பகுக்கலாம். கொடுங்கோன்மை நிலைபெற்ற உலகத்தைக் காட்டுவது ஒன்று; உலகமே அழிந்தபின் எஞ்சியோர் நிலையைக் காட்டுவது மற்றொன்று. முன்னதைத் தீயுலகக் கதை என்றும், பின்னதை ஊழிக் கதை என்றும் கூறுவோம். இவற்றுக்கு எதிரான நன்கனவுக் கதைகளும் உண்டு. வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையார் எழுதிய 'சுல்தானாவின் கனவு' அத்தகையது. பெண்கள் நாடாள, ஞாயிற்றின் வெப்பத்தைக் கருவியாக்கி நலமுற வாழும் நாட்டைக் கூறும் அக்கதை, 1905-ஆம் ஆண்டில் நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மாகஸீன்' என்னும் பத்திரிகையில் அச்சாயிற்று.

தீயுலகக் கதைகளையும் ஊழிக் கதைகளையும் எதிர்காலம் உரைக்கும் சோதிடமாகக் கொண்டு, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எண்ணுவோர் பலர். எச். ஜி. வெல்ஸ் 1914-ஆம் ஆண்டிலேயே ஒரு நாவலில் 'அணுகுண்டு' என்ற பெயரை வழங்கியதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால் அணுக்கருவின் தொடர்வினையை 1933-ல் முதன்முதல் எண்ணிப் பார்த்த லியோ சிலார்டு என்னும் விஞ்ஞானி, அந்நாவலை அதற்கு முந்திய ஆண்டிற்றான் படித்திருந்தார். அணுகுண்டை ஆக்கியோருள் ஒருவர் கதையைப் படித்தவராயிருக்க, இதனைச் சோதிடம் என்பது எங்ஙனம்? நாம் இங்குக் காட்ட விரும்புவது வேறொன்று. உலகம் எவ்வாறு கெட்டாலும், எவ்வாறு அழிந்தாலும், இக்கதைகளில் இறுதியாக நிகழும் போராட்டம் ஏட்டைப் பற்றியதே. நடந்தது இன்னதென்று எழுதி வைப்பது யார், அதனை அழிப்பது யார் என்பதே வழக்கு.

கடைசி மனிதனும் எந்திரத்தின் நூலும்

மேரி ஷெல்லி அம்மையார் 1826-ஆம் ஆண்டில் 'தி லாஸ்ட் மேன்' என்ற நாவலை வெளியிட்டார். 'கடைசி மனிதன்' என்பது அதன் பொருள். இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கொள்ளைநோய் பரவி மனித குலத்தையே விழுங்குகின்றது. அந்நாவலை எழுதிய காலத்தில் அம்மையார் தம் மக்களுள் மூவரையும், 1822-ல் கணவரையும் இழந்திருந்தார். அவர்தம் நண்பரான பைரன் கவிஞரும் 1824-ல் மறைந்தார். துயரத்தின் நடுவே பிறந்த அக்கதையில், உலகில் தனித்து எஞ்சிய வெர்னி என்பான் ரோமாபுரியில் அமர்ந்து மனித குலத்தின் முடிவை எழுதி வைக்கின்றான். படிப்பதற்கு ஒருவருமில்லை. எனினும் எழுதுகின்றான். பின்னர் ஒரு நாயையும் சில புத்தகங்களையும் உடன்கொண்டு படகேறிச் செல்கின்றான். உணவும் ஆடையும் எவ்வளவும் கிடைக்கும் உலகில் அவன் விட்டுப் பிரிய மாட்டாதது நூல்தான்.

ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909-ஆம் ஆண்டில் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற சிறுகதையில், மனிதர்கள் நிலத்தடியில் தனித்தனி அறைகளில் வாழ்கின்றனர். பேசுவதும் பார்ப்பதும் எந்திரத்தின் வழியாகவே. ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு நூல் உண்டு. அது எந்திரத்தை இயக்கும் முறை கூறும் கையேடு. நாளடைவில் அதுவே வேதமாகின்றது. நேரிற் கண்ட செய்தியை நம்பலாகாது, பலர் வாய் மாறி வந்த செய்தியே சிறந்தது என்று கற்பிக்கும் ஆசிரியரும் அங்கு உள்ளார். எந்திரம் நின்றபோது அதனைப் பழுது பார்க்க அறிந்தவர் ஒருவருமில்லை.

புகழப்பெற்ற கால அட்டவணை

நம்மைப் போன்ற ரயில்வே ஊழியர் தவறாது அறிய வேண்டிய நூல், ருஷ்ய நாட்டு யெவ்கெனி ஜாம்யாதின் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் எழுதிய 'நாம்' என்பதாகும். அவர் தொழிலாற் கப்பல் கட்டும் எஞ்சினீயர். 1916-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்று, ருஷ்யாவுக்கென அங்கே கட்டப்பட்ட பனியுடைக்கும் கப்பல்களை மேற்பார்வை செய்தவர். அவர் கற்பித்த ஒற்றை அரசில் மனிதருக்குப் பெயரில்லை, எண் மட்டுமே உண்டு. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. எழுவதும் உண்பதும் உலாவுவதும் ஒரே நேர அட்டவணைப்படி ஒரே கணத்தில் நிகழ்கின்றன. பழங்காலம் விட்டுச்சென்ற இலக்கியங்களுள் தலைசிறந்தது யாது என்ற வினாவுக்கு, அந்நாட்டார் கூறும் விடை: ரயில்வே கால அட்டவணை!

இவ்விடத்தைப் படிக்குங்கால் நமக்கு நகைப்புண்டாகும். உடனே நெஞ்சு சற்று நடுங்கும். வண்டிகளுக்கு அட்டவணை இன்றியமையாதது. அது இல்லையேல் ஒரே பாதையில் இரு வண்டிகள் எதிர்ப்படும். ஆனால் வண்டிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்தும் என்று ஓர் அரசு எண்ணத் தொடங்கினால் யாது நேரும் என்பதே ஜாம்யாதின் எழுப்பிய வினா. கதை முழுதும் டி-503 என்ற எஞ்சினீயர் எழுதும் குறிப்பேடாக அமைந்துள்ளது. அரசைப் புகழ்வதற்கென எழுதத் தொடங்கிய ஏடு, அவனை அறியாமலே அவன் மனத்தின் ஐயங்களையும் பதிவு செய்துவிடுகின்றது. முடிவில் கற்பனை செய்யும் ஆற்றலை மூளையிலிருந்து அகற்றும் சிகிச்சைக்கு அவன் ஆளாகின்றான்.

அந்நூலின் கதியும் எண்ணத்தக்கது. சோவியத் நாட்டில் அதனை அச்சிட இசைவு கிடைக்கவில்லை. 1924-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் முதலில் வெளிவந்தது. ஆசிரியர் 1931-ல் நாட்டை விட்டு வெளியேறி, 1937-ல் பாரிஸ் நகரில் மறைந்தார். எழுதிய மொழியில், எழுதிய நாட்டில் அது அச்சேறியது 1988-ஆம் ஆண்டிற்றான்.

அதே காலத்தில் செக் நாட்டுக் காரல் சாபெக் 'ஆர். யூ. ஆர்.' என்ற நாடகத்தை எழுதினார். அது 1920-ல் அச்சாகி, 1921-ல் பிராகா நகரில் மேடையேறியது. கட்டாய உழைப்பு என்று பொருள்படும் செக் சொல்லிலிருந்து 'ரோபோ' என்ற பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் தமையனார் யோசெப் சாபெக். நம் குழந்தைகளும் இன்று அறிந்த அச்சொல் பிறந்த நாடகத்திலும் ஓர் ஏடு உண்டு. உழைப்பாளிப் பொம்மைகளை ஆக்கும் முறை எழுதிய கையெழுத்துப் படியை ஹெலனா என்பாள் தீயிலிடுகின்றாள். பின்னர்ப் பொம்மைகள் மனிதரை வென்றும் பயனில்லை; தம் இனத்தைப் பெருக்கும் வழி அவற்றுக்குத் தெரியவில்லை.

1927-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' என்ற பேசாப்படம், மேலே மாளிகைகளும் கீழே தொழிலாளரின் இருட்டு நகரமுமாக ஒரு பேரூரைக் காட்டிற்று. கடிகாரம் போன்ற எந்திரத்தின் முட்களைப் பிடித்து ஒருவன் அல்லற்படும் காட்சியைக் கண்டவர் மறவார். வெளியிட்டோர் அப்படத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை வெட்டியெறிந்தனர். எண்பது ஆண்டுகள் அப்பகுதிகள் கிடைக்கவில்லை. 2008-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவில் புவெனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில், தேய்ந்த படியொன்று கண்டெடுக்கப்பட்டது. 2010-ல் படம் பெரும்பாலும் நிறைவு பெற்றுத் திரையிடப்பட்டது. ஒரு படியை எறியாது பேணியதன் பயன் இது.

ஏட்டைத் திருத்திய எழுத்தன்

இனி, இவ்வகையில் மிகப் புகழ்பெற்ற '1984' என்ற நாவலுக்கு வருவோம். அதன் ஆசிரியர் ஜார்ஜ் ஆர்வெல் 1903-ஆம் ஆண்டில் பீகார் மாநிலத்து மோதிஹாரியிற் பிறந்தவர்; தந்தையார் அபினி இலாகாவில் அதிகாரி. குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்ற ஆர்வெல், 1922 முதல் 1927 வரை பர்மாவிற் போலீஸ் பணி புரிந்தார். இரண்டாம் உலகப்போரின்போது, 1941 முதல் 1943 வரை, லண்டன் பி.பி.சி. வானொலியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பை ஆயத்தம் செய்தார். ஜாம்யாதினின் நூலைப் படித்து 1946-ல் மதிப்புரையும் எழுதினார். '1984' வெளிவந்தது 1949 ஜூன் திங்களில். அடுத்த ஜனவரியில் அவர் காச நோயால் மறைந்தார்.

அக்கதையின் தலைவன் வின்ஸ்டன் வீரனல்லன். அரசாங்க அலுவலகத்துப் பதிவேட்டுப் பிரிவில் ஓர் எழுத்தன். ஆட்சியாளர் முன்பு கூறியதும் இன்று நடந்ததும் முரண்படுமாயின், பழைய பத்திரிகைச் செய்தியையே திருத்தி எழுதுவது அவன் வேலை. திருத்திய படி கோப்பில் ஏறும். மூலப்படி சுவரிலுள்ள ஒரு துளை வழியே உலைக்குச் செல்லும். இதில் நம் நெஞ்சைத் தைப்பது மற்றொரு செய்தி. வின்ஸ்டன் அந்த வேலையைத் திறம்படச் செய்கின்றான். அதில் மகிழ்ச்சியும் அடைகின்றான்! இரவில் மறைவாக உண்மையை நாட்குறிப்பில் எழுதுபவனும், பகலில் பொய்யை அழகுபட வரைபவனும் ஒருவனே. கொடுங்கோலன் ஒருவனால் மட்டும் கொடுங்கோன்மை நடைபெறாது. ஒழுங்காக அலுவலகம் வந்து, பிழையின்றி எழுதி, மாலையில் வீடு திரும்பும் பல்லாயிரம் பேர் அதற்கு வேண்டும் என்பதை ஆர்வெல் அறிந்திருந்தார்.

ரயில் நிலையங்களில் டிரெயின் சிக்னல் ரிஜிஸ்டர் என்று ஒன்றுண்டு. எந்த வண்டிக்கு எந்நேரம் வழி கேட்கப்பட்டது, எந்நேரம் கொடுக்கப்பட்டது, வண்டி எந்நேரம் வந்து சேர்ந்தது என்பன அதில் மையால் எழுதப்படும். அதற்கொரு கண்டிப்பான விதி உண்டு: எழுதியதைச் சுரண்டி அழித்தல் கூடாது. பிழை நேர்ந்தால், பழைய எழுத்து படிக்கத் தெரியுமாறு ஒற்றைக் கோடு இட்டு, சரியானதை மேலே எழுதி, கையொப்பச் சுருக்கம் இட வேண்டும். பிழையும் பதிவின் ஒரு பகுதியே. விபத்து நேர்ந்தால் அப்பிழையே சாட்சியாகும் என்பது இவ்விதியின் கருத்து. வின்ஸ்டனின் அலுவலகத்தில் இல்லாதது இந்த ஒற்றைக் கோடுதான். உயிர்களைக் காக்க எழுந்த ஏட்டுக்கும் உயிர்களை அடக்க எழுந்த ஏட்டுக்கும் உள்ள வேற்றுமை அக்கோட்டின் அளவே என்று கூறலாம்.

எரித்தலும் மனப்பாடமும்

1933 மே மாதத்தில் பெர்லின் நகரில் நாஜிகள் நூல்களைக் குவித்து எரித்ததை உலகம் கண்டது. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953-ல் வெளியிட்ட 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் தீயணைப்போர் என்பார் தீயை அணைப்பவரல்லர்; நூல்களை எரிப்பவர். நகரை விட்டோடிய சிலர், ஒருவர்க்கு ஒரு நூலாக மனப்பாடம் செய்து நடமாடும் நூலகமாய் வாழ்கின்றனர். 1966-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோ இதனைத் திரைப்படமாக்கினார். வேடிக்கை யாதெனில், 1967 முதல் பள்ளிகளுக்கென அச்சிட்ட பதிப்பில், ஆசிரியரைக் கேளாமலே பதிப்பகத்தார் பல இடங்களில் சொற்களை மாற்றிவிட்டனர். நூலெரிப்பைக் கண்டித்த நூலுக்கே இக்கதி! செய்தி தெரிந்தபின் ஆசிரியர் கண்டித்து மூலத்தை மீட்டார்.

வால்ட்டர் மில்லர் என்பார் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றி, இத்தாலியில் மோன்டே காசினோ என்னும் பழம்பெரும் மடாலயத்தைத் தகர்த்த தாக்குதலிற் பங்கு கொண்டவர். 1959-ல் அவர் வெளியிட்ட 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' என்ற நாவலில், அணுப்போருக்குப் பின் மக்கள் கல்வியே கேட்டுக்குக் காரணம் என்று கருதி நூல்களையும் கற்றோரையும் அழிக்கின்றனர். பாலைவனத்து மடம் ஒன்றில் துறவிகள் எஞ்சிய தாள்களைப் பொருள் தெரியாமலே படியெடுத்துக் காக்கின்றனர். அத்தாள்களுள் ஒன்று, பழங்காலத்து மின்சார எஞ்சினீயர் ஒருவர் எழுதிய கடைச் சாமான் பட்டியல்! நகைப்புக்குரியதாகத் தோன்றினும், ஏடு எழுதுவோர் பணியின் பெருமை அதில் உண்டு. எது பின்னர்ப் பயன்படும் என்பதைப் படியெடுப்பவன் தீர்மானிக்க இயலாது. ஆகவே அவன் எதையும் மாற்றாது எழுதுகின்றான்.

திரையிலும் அணுப்போர் பெரிதும் காட்டப்பட்டது. பீட்டர் வாட்கின்ஸ் 1965-ஆம் ஆண்டில் பி.பி.சி.க்காக 'தி வார் கேம்' என்ற படத்தை எடுத்தார். இங்கிலாந்தின்மீது அணுகுண்டு விழுந்தால் யாது நிகழும் என்பதைச் செய்திப்படம் போலக் காட்டிய அதனை, மக்கள் பார்க்கத் தகாத அளவுக்குக் கொடியது என்று கூறி ஒளிபரப்ப மறுத்தனர். அது ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. ஆயினும் தொலைக்காட்சியில் வர 1985 வரை, இருபது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. 1984-ல் ஒளிபரப்பான 'த்ரெட்ஸ்' என்ற படம் ஷெஃபீல்டு நகரத்து இரு குடும்பங்களின் கதை. அதன் பிற்பகுதியில், அழிவுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் சில துண்டுச் சொற்களால் மட்டுமே பேசுகின்றனர். வீடும் உணவும் போனதைக் காட்டிலும், மொழி போனதைக் கேட்கும்போது உள்ளம் பெரிதும் நைகின்றது. தாய்மொழி வழங்கும் நிலத்தை விட்டு வந்து வாழும் நம்மனோர் இதனை எளிதில் உணர்வர்.

படக்கதைகளின் பங்கு

படக்கதைகளைச் சிறுவர் விளையாட்டென்று இகழ்வது தகாது. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்தபோது கெய்ஜி நகாசாவா ஆறு வயதுச் சிறுவன். தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் அன்று இழந்தான். வளர்ந்து ஓவியரான அவர், 1973 முதல் 'வெறுங்கால் ஜென்' என்ற நெடிய படக்கதையை வரைந்தார். பிறர் கற்பனை செய்த ஊழியை அவர் கண்ணாற் கண்டு எழுதினார். 2012-ஆம் ஆண்டு இறுதியில், மட்சுவே நகரத்துக் கல்வி அதிகாரிகள், அக்கதையின் காட்சிகள் கொடியவை என்று கூறிப் பள்ளி நூலகங்களின் திறந்த அலமாரிகளிலிருந்து அதனை எடுத்து உள்ளறையில் வைக்கச் செய்தனர். எதிர்ப்பு எழுந்தபின் 2013 ஆகஸ்டில் அந்தத் தடை நீங்கியது.

பிரெஞ்சு மொழியில் ஜாக் லோப் எழுத, ழான்-மார்க் ரோஷெத் வரைந்து 1982-ல் தொடங்கிய படக்கதை நம் இலாகாவுக்கு மிக நெருங்கியது. உலகம் பனியால் உறைந்தபின், 1001 பெட்டிகள் கொண்ட ஒரே ரயில் நில்லாது ஓடிக்கொண்டிருக்கின்றது. எஞ்சிய மனிதர் யாவரும் அதற்குள்ளே. முன்பெட்டிகளில் செல்வர், கடைசிப் பெட்டிகளில் ஏழைகள். கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2013-ல் இதனை 'ஸ்னோபியர்சர்' என்ற திரைப்படமாக்கினார். அப்படத்தில் ஒரு பெட்டி பள்ளிக்கூடம். எஞ்சினைப் போற்றிப் பாடவும், வெளியே இறங்கினால் சாவு நிச்சயம் என்று நம்பவும் குழந்தைகள் அங்குக் கற்பிக்கப்படுகின்றனர். படத்தின் முடிவில் வெளியே இறங்கிய இரு சிறார், தொலைவில் ஒரு பனிக்கரடி உயிரோடு நடமாடுவதைக் காண்கின்றனர். வண்டிக்குள் கற்பித்த வரலாறு முழு உண்மையன்று என்பது அப்போது விளங்குகின்றது.

இவை யாவும் கதையும் படமுமே என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 2009 ஜூலை மாதத்தில், அமேசான் கம்பெனி தான் விற்ற மின்னூற் கருவிகளிலிருந்து சில நூல்களை, வாங்கியோர் அறியாமலே தொலைவிலிருந்து நீக்கிவிட்டது. அமெரிக்க நாட்டில் விற்கும் உரிமையில்லாதார் அப்பதிப்பை விற்றனர் என்பதே காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. கம்பெனியின் தலைவர் மன்னிப்பும் கேட்டார். தீய நோக்கம் ஒன்றுமில்லை. ஆனால் நீக்கப்பட்ட நூல்களுள் ஒன்று ஆர்வெலின் '1984'! சுவரில் துளை வேண்டியதில்லை, உலையும் வேண்டியதில்லை என்பதை அன்று உலகம் அறிந்தது.

மேற்கூறியவற்றால் இரண்டு செய்திகள் விளங்கும். இக்கதைகளில் ஏட்டைப் பற்றி எழும் வழக்கு, அக்கதைகளைத் தாங்கிய ஏடுகளுக்கே நேர்ந்திருக்கின்றது என்பது ஒன்று. அவற்றை அழித்தோரும் திருத்தியோரும் எப்போதும் கொடியவரல்லர். வசதி கருதியோ, பிறர் மனம் புண்படாதிருக்கவோ, விதியைக் காக்கவோ அவ்வாறு செய்தோரும் உண்டு என்பது மற்றொன்று. அங்ஙனமே, காத்தோரும் பெரும்பாலும் பெயர் விளங்காதோர். ஒரு படியை எறியாது வைத்தோர், ஒரு வரியை மாற்றாது எழுதினோர் அவர்கள்.

நம் சங்கத்தாருள் பெரும்பாலோர் அலுவலகங்களில் ஏடு எழுதிப் பிழைப்போர். ஊழி வரினும் வராவிடினும், நம் கையிலுள்ள பதிவு பொய்யாகாதிருக்கச் செய்தல் நம்மால் இயலும். அது சிறு பணியன்று. நம் போன்ற சங்கங்களில், தொடக்க காலத்து உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்பேடுகளும் பழைய மலர்களும் வீடு மாற்றத்திலும் ஊர் மாற்றத்திலும் சிதறிப் போவது வழக்கம். அன்பர்கள் தத்தம் பெட்டிகளையும் பரண்களையும் ஒருமுறை தேடிப் பார்த்து, கிடைப்பவற்றைச் சங்க நூலகத்திற் சேர்ப்பார்களாக. எழுத்து மங்கியிருப்பினும், கணக்கிற் பிழையிருப்பினும் திருத்த வேண்டா, உள்ளவாறே தருக. பின்வரும் நம் பிள்ளைகள், நாம் இந்நகருக்கு எப்போது வந்தோம், எவ்வாறு கூடினோம், எதற்கு வாதாடினோம் என்பதை நம் கையெழுத்திலேயே தமிழிற் படித்தறியட்டும்.